ஆத்தாவின் இமை சாயங்காலம் ஏன் விழுகிறது?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு வயது 58. ஊர் காரைக்குடிக்குப் பக்கம். அப்பச்சி காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாக ஆத்தாவின் இடது இமை சாயங்காலம் ஆனால் விழுந்துவிடுகிறது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறார். புரை என்று சொல்லி ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்தோம். மாற்றமில்லை. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது தேன்குழல் பிழிய உட்கார்ந்தால் நாலாவது சுற்றில் கை ஓய்ந்துவிடுகிறது. தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினால் குரல் மூக்கால் வருகிறது. காலையில் எழுந்தால் பழைய ஆத்தாதான். சென்ற ஐப்பசியில் சளிக்காய்ச்சலுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்த பிறகு மூன்று நாள் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தார். ஒரு மருத்துவர் 'நரம்புத் தளர்ச்சி' என்றார், இன்னொருவர் 'மனசுதான் காரணம்' என்றார். உறவுக்காரர்களோ, 'காலையெல்லாம் ஓடியாடுகிறாள், பந்தி பரிமாறும் நேரத்தில் படுத்துக்கொள்கிறாள், எல்லாம் நடிப்பு' என்கிறார்கள். நான் தேடிப் படித்ததில் நரம்புக்கும் தசைக்கும் உள்ள இணைப்பைப் பற்றிய ஆராய்ச்சிகள் கண்ணில் பட்டன. கூடவே உயிரைக் குடிக்கும் நரம்பு நோய்களும். பயமாக இருக்கிறது. இது நரம்பு நோயா, தசை நோயா? வரும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போக வேண்டும் என்று ஆத்தா பிடிவாதமாக இருக்கிறார். விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

'காலையில் எழுந்தால் பழைய ஆத்தாதான்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு செலவு செய்து எடுத்த எம்.ஆர்.ஐ. சொல்லாததை எனக்கு அந்த வரி சொல்லிவிட்டது. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்வது கைரேகை பார்ப்பது மாதிரிதான். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஆனால், என்ன சந்தேகம் என்பதை மறைக்கவும் மாட்டேன். உங்கள் ஆத்தாவுக்கு 'மயஸ்தீனியா கிரேவிஸ்' என்ற நோய் இருக்கக்கூடும். தமிழில் தசைக்களைப்பு நோய் என்று எழுதுகிறார்கள். வைத்தியம் உள்ள நோய். அதை நிச்சயம் செய்துகொள்ளப் பரிசோதனைகளும் இருக்கின்றன. ஒன்றரை வருடத்தில் அவற்றில் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நரம்பா, தசையா என்று கேட்டீர்கள். இந்த நோயில் நரம்பு நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது இரண்டும் சந்திக்கிற இடத்தில்.

சந்திக்கிற இடம் என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பின் நுனிக்கும் தசை இழைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அகலம் சுமார் 50 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி ஆயிரம் இடைவெளிகளுக்கு மேல் அடுக்கலாம். அத்தனை குறுகலானாலும் மின்சாரம் அதைத் தாண்டாது. நரம்பு வழியாக ஓடிவந்த மின்துடிப்பு நுனியில் நின்றுவிடும். அங்கே அது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அவிழ்த்துவிடும். அது இடைவெளியைக் கடந்து, தசையின் மேல் வரிசையாக நிற்கும் ஏற்பிகளில் போய் ஒட்டும். உடனே தசையில் புதிதாக ஒரு மின்துடிப்பு பிறக்கும், தசை சுருங்கும். மின்சாரம் வேதியியலாக மாறி, மறுபடி மின்சாரமாக மாறுகிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைக் கடந்து எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பீர்கள்! 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அங்கே மின்கலத்தையும் துருவையும் ஆராய்கிறார்கள். ஆனால் உங்கள் ஆத்தா ஒரு தடவை இமைக்கும்போது அந்த நிலையத்தின் பெயரில் உள்ள 'மின்', 'வேதியியல்' என்ற இரண்டு சொற்களுமே வேலை செய்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச எனக்கு ஆசை. மருத்துவத்துக்கு முழுமூச்சாக வருவதற்கு முன் சில ஆண்டுகள் தவளைத் தசையும் கண்ணாடி ஊசியுமாகக் கழித்தவன் நான். பெர்னார்ட் கட்ஸ் என்பவர் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியில் இருக்க முடியாமல் 1935இல் லண்டனுக்கு வந்தார். போருக்குப் பிறகு அங்கே பால் ஃபாட் என்ற இளைஞரோடு சேர்ந்து, தவளையின் தசைக்குள் மிக நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பை யாரும் தூண்டவில்லை. தசை சும்மா கிடக்கிறது. ஆனாலும் திரையில் அவ்வப்போது அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தன. வேறொருவராக இருந்தால் கருவியில் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். கட்ஸ் ஒதுக்கவில்லை. நரம்பைத் தூண்டும்போது எழும் பெரிய அலை இந்தச் சின்ன மேடுகளின் கூட்டுத்தொகை என்று கண்டுபிடித்தார். நரம்பு அசிட்டைல்கோலினை ஒழுகவிடுவதில்லை. பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்கிறது. ஒரு பொட்டலத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுப் பொட்டலமாகத்தான் வரும். அரைப் பொட்டலம் என்ற பேச்சே கிடையாது. 1970இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நானும் முதன்முதலில் அந்தச் சின்ன மேட்டைத் திரையில் பார்த்த இரவு, ஆய்வகக் காவலாளியை எழுப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, 'சரி, கதவைப் பூட்டலாமா?' என்று கேட்டார்.

சாயங்காலம் ஏன் விழுகிறது என்பதற்கு விடை இந்தப் பொட்டலக் கணக்கில் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்குக் கணக்கில் சொன்னால்தான் புரியும். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வீடுகளில், பெட்டியடியில் இருப்பவர் அன்றைய தேவைக்கு மட்டும் பணம் வைத்துக்கொள்ள மாட்டார். மூன்று மடங்கு, நாலு மடங்கு கையிருப்பு இருக்கும். நரம்பும் அப்படித்தான். தசை சுருங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதைப்போலப் பல மடங்கு பொட்டலங்களை ஒவ்வொரு துடிப்புக்கும் விடுகிறது. தொடர்ந்து வேலை வாங்கினால் துடிப்புக்குத் துடிப்பு பொட்டலம் குறையும். இது உங்களுக்கும் நடக்கிறது, எனக்கும் நடக்கிறது. கையிருப்பு தாராளமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. இந்த நோயில் வாங்கிக்கொள்கிற பக்கம், அதாவது தசையின் மேல் உள்ள ஏற்பிகள், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகின்றன. உபரி முழுவதும் காணாமல் போய், வரவும் செலவும் மட்டுமட்டாக நிற்கிறது. காலையில் ஓய்ந்த உடம்பில் முதல் துடிப்புகளுக்குச் சரியாக இருக்கும். பத்தாவது, நூறாவது துடிப்பில் பொட்டலம் குறையும்போது ஒவ்வொரு தசை இழையாகச் சுருங்க மறுக்கும். கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் பொட்டலம் மறுபடி சேரும். முதலில் இமை ஏன் என்றால், கண்ணைத் தூக்கியும் திருப்பியும் பிடிக்கிற தசைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாமல் உழைப்பவை.

இப்போது தேன்குழலுக்கு வாருங்கள். இந்த நோய்க்கு ஒரு மின்பரிசோதனை உண்டு. கை நரம்பையோ முக நரம்பையோ விநாடிக்கு மூன்று தடவை வீதம் மெல்லத் தூண்டி, தசை தரும் விடையை அளப்பார்கள். முதல் விடைக்கும் நாலாவது அல்லது ஐந்தாவது விடைக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தால் சந்தேகம் வலுக்கும். உங்கள் ஆத்தா தேன்குழல் அச்சை வைத்துக்கொண்டு நாலாவது சுற்றில் ஏறக்குறைய அதே பரிசோதனையைச் செய்து காட்டியிருக்கிறார். பார்த்தவர்கள் அதை நடிப்பு என்றார்கள்.

அந்த உறவுக்காரர்கள்மீது கோபப்படாதீர்கள். நானே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நின்றவன். பயிற்சி முடித்த புதிதில், காலை எட்டரை மணிக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணுக்குக் கை, கால், கண் எல்லாம் சோதித்தேன். பலம் முழுமையாக இருந்தது. வீட்டில் மாமியாரோடு சண்டை என்று அவரே சொன்னார். 'மன அழுத்தம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நாலு மாதம் கழித்து, விழுங்க முடியாமல், மூச்சுத் திணறலோடு வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்று நான் அவரை மாலை ஐந்து மணிக்குப் பார்த்திருந்தால், அல்லது இரண்டு நிமிடம் கூரையைப் பார்க்கச் சொல்லியிருந்தால், பிடிபட்டிருக்கும். அதிலிருந்து இமை, விழுங்கல், பேச்சு என்று யார் குறை சொன்னாலும் காலை நேரத்துப் பலத்தை நான் நம்புவதில்லை.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரமாக ஒட்டியிருக்கும் அந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் பொருள் கிடையாது. சர்க்கரை நோயால் பாதம் எரிவதும் அதுதான், கை நடுங்குவதும் அதுதான், புது மாப்பிள்ளையின் பயமும் அதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு ஊசி. அந்த ஊசியில் இருக்கும் பி12 வைட்டமின் நல்ல பொருள், குறைபாடு உள்ளவர்களுக்கு. உங்கள் ஆத்தாவின் இமையை அது தூக்காது.

ஏற்பிகளை யார் அழிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்த கதையில் ஒரு பாம்பும் ஒரு மீனும் வருகின்றன. தைவானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள கட்டுவிரியன் இனத்து விஷத்திலிருந்து ஒரு நச்சுப் புரதத்தை 1963இல் பிரித்தெடுத்தார்கள். அது அசிட்டைல்கோலின் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் ஏற்பிகளை எண்ணுவதற்கு அதுவே அளவுகோல் ஆயிற்று. நோயாளிகளின் தசையில் எண்ணிப் பார்த்தபோது ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருந்தது 1973இல் தெரியவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் இருவரும் மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஏற்பியை ஆராய உதவும் ஓர் எதிர்ப்பொருள், அதாவது அந்நியப் பொருளைத் தாக்க உடம்பு உண்டாக்கும் புரதம், மட்டுமே. முயல்களோ தலை தொங்கி, கால் துவண்டு விழுந்தன. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்தை ஊசியில் போட்டதும் எழுந்தன! மீனின் ஏற்பிக்கு எதிராக முயல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், முயலின் சொந்தத் தசையையே தாக்கியிருக்கிறது. மனிதர்களிலும் நடப்பது அதுதான் என்று பிறகு உறுதியாயிற்று. கிருமியை விரட்ட வேண்டிய காவல்படை, சொந்த வீட்டுக் கதவின் கீல்களைக் கழற்றுகிறது. ஏன் கழற்றத் தொடங்குகிறது என்பதில் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாம்பு என்றதும் இன்னொன்று சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. விடியும்போது இமை திறக்காது, பேச்சு குழறும். அதுவும் இதே இடைவெளியைத்தான் தாக்குகிறது. நன்றாகப் படுத்தவர் இமை விழுந்த நிலையில் விடிகாலையில் எழுந்தால் வேப்பிலையும் வேண்டாம், நரம்பியல் நிபுணரும் வேண்டாம். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உங்கள் ஆத்தாவுக்கு ஒன்றரை வருடமாக மாலைதோறும் விழுவது வேறு கதை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில. வளவுத் தாழ்வாரத்தில் ஆத்தாவை உட்காரவைத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே உத்தரத்தை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இமை மெல்ல மெல்ல இறங்குகிறதா என்று கவனியுங்கள். அதைச் செல்பேசியில் படமெடுங்கள். பிறகு பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி படமெடுங்கள். குளிரில், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வேகம் குறையும், இருக்கிற பொட்டலம் சற்று அதிக நேரம் நீடிக்கும், இமை உயரும். மருத்துவர்களும் செய்கிற சோதனைதான் இது. உயர்ந்தால் நல்ல தடயம். உயராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அதே காரணத்தால் வெந்நீர்க் குளியலும் சித்திரை வெயிலும் இவர்களுக்கு ஆகாது. காலை ஆறு மணிக்கு ஒரு படம், மாலை ஆறு மணிக்கு ஒரு படம் என்று ஒரு வாரம் எடுத்துக்கொண்டு போங்கள். காலையில்தான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்றால், அந்தப் படங்கள் உங்களுக்காகப் பேசும்.

போக வேண்டியது நரம்பியல் நிபுணரிடம். உங்களுக்கு மதுரை பக்கம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது, தனியாரிடமும் இருக்கிறார்கள். மூன்று பரிசோதனைகள் வேண்டியிருக்கும். முதலாவது ரத்தத்தில் ஏற்பி எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. நோய் உடம்பெல்லாம் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது இருக்கும். கண்ணோடு நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். இரண்டாவது நான் மேலே சொன்ன மின்பரிசோதனை. மூன்றாவது மார்புக்கு ஒரு சி.டி. ஸ்கேன், நோயாளிகளில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்குத் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும், அதைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். நீங்கள் படித்த ஆராய்ச்சிகள் கைகொடுக்கும் இடம் இதுதான். கருவில் நரம்பு தசையைத் தொடும்போது, 'இங்கே ஏற்பிகளைக் கூட்டு' என்று தசைக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியைச் சுமக்கும் அக்ரின் என்ற புரதத்தை மின்திருக்கை மீனிலிருந்து பிரித்தார்கள். செய்தியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் கூட்டத்தில் 'மஸ்க்' என்ற புரதம் முக்கியமானது. குழந்தை எப்படித் தன் தசையைக் கட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் செய்த வேலை இது. நோயாளி யாரும் அவர்கள் கண்முன் இல்லை. 2001இல் பார்த்தால், ஏற்பி எதிர்ப்பொருள் இல்லாத நோயாளிகள் பலருக்கு இந்த மஸ்க்குக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அதுவரை 'பரிசோதனையில் ஒன்றுமில்லை, மனசுதான்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வகையோ! அவர்களுக்கு மருந்தும் கொஞ்சம் மாறும். ஆகவே முதல் பரிசோதனை இல்லை என்றால், மஸ்க் பரிசோதனையைக் கேளுங்கள்.

மருந்துக்கு வருவோம். 1934இல் லண்டனின் கிரீனிச் பகுதியில், மேரி வாக்கர் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் ஒரு சாதாரண மருத்துவமனையில் உதவி மருத்துவராக வேலை பார்த்தார். இந்த நோய், அம்புகளில் பூசும் குராரே விஷத்தின் அறிகுறிகளை ஒத்திருப்பதை அவர் கவனித்தார். அந்த விஷத்துக்கு முறிவு பைசோஸ்டிக்மின் என்ற மருந்து என்றால் இதற்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று ஊசி போட்டார். இமை திறந்தது, விழுங்க முடிந்தது. சில மணி நேரத்தில் பழையபடி ஆயிற்று. பெரிய ஆய்வகம், பெரிய பதவி எதுவும் இல்லாத ஒருவரின் யோசனை அது. அந்த மருந்தின் வழிவந்ததுதான் இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை. சிதைக்கும் நொதியைத் தடுத்து, பொட்டலத்தை நீடிக்கவைக்கிறது. அரை மணி, முக்கால் மணியில் வேலை தொடங்கும், மூன்று நாலு மணி நேரம் நிற்கும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னால் போட்டுக்கொண்டால் விழுங்குவது எளிது. வயிற்றைக் கலக்கும், எச்சில் ஊறும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை, உங்களுடையது அல்ல.

அந்த மாத்திரை அறிகுறியைத்தான் தணிக்கும். காவல்படையை அடக்க ஸ்டீராய்டும், அதோடு அசாதியோப்ரின் போன்றவையும் தேவைப்படலாம். ஸ்டீராய்டு எடுத்த முதல் இரண்டு வாரங்களில் சிலருக்கு நோய் கூடுவதுண்டு. அதனால் பெரும்பாலும் சிறிய அளவில் தொடங்குவார்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அசாதியோப்ரின் பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். 'ஒரு மாதம் சாப்பிட்டும் கேட்கவில்லை' என்று மருந்தை மாற்றி, பிறகு மருத்துவரையும் மாற்றுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஆத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கட்டி இல்லாவிட்டாலும் தைமஸ் சுரப்பியை எடுப்பது பலருக்கு நன்மை செய்கிறது என்பது, 126 பேரைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் நிரூபணமானது. அதில் 65 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்தார்கள். எனவே அந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் வரலாம். கடந்த சில ஆண்டுகளில் எதிர்ப்பொருளையே வேகமாக வெளியேற்றும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. விலை கேட்டால் மயக்கம் வரும். பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போக வேண்டியதில்லை. பழைய, மலிவான மருந்துகளே போதும்.

ஐப்பசியில் நடந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். காய்ச்சலே இந்த நோயைக் கிளறிவிடும். அதோடு, சில கிருமிக்கொல்லி மருந்துகள் இந்த இடைவெளியில் வேலையைக் கெடுக்கும்: ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் மாத்திரைகள். மக்னீசியம் ஊசியும், படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலும் இந்தக் கூட்டத்தில் சேரும். கொடுத்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. நோய் இருப்பது அவருக்குத் தெரியாதே. நோய் உறுதியானதும், இந்தப் பெயர்களை ஓர் அட்டையில் எழுதி ஆத்தாவின் சுருக்குப்பையில் போட்டு வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். மறு கண்ணுக்குப் புரை அறுவைச் சிகிச்சை என்று யாராவது சொன்னால், இது முடிவாகும் வரை தள்ளிப்போடுங்கள்.

உயிரைக் குடிக்கும் நோய் என்று நீங்கள் படித்துப் பயந்தது இயக்க நரம்பணு நோயாகத்தான் இருக்கும். அதில் தசை மெலியும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும், நாளுக்கு நாள் ஒரே திசையில் இறங்கும். காலையில் தேறி மாலையில் சாய்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. இமையையும் பெரும்பாலும் தொடாது. நீங்கள் எழுதியதில் அதன் சாயல் இல்லை. 1672இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நீண்ட நேரம் பேசினால் மீனைப்போல ஊமையாகிவிட்டு, ஓரிரு மணி நேரத்தில் குரல் திரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் ஆத்தாவின் தொலைபேசிக் குரல் அந்த வழியைச் சேர்ந்தது.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: மூச்சு. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். வழக்கமாக எவ்வளவு வருகிறது என்று இப்போதே குறித்துவையுங்கள். அது இருபதுக்குக் கீழே இறங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு அந்த நேரத்திலேயே கிளம்புங்கள். சரியான நேரத்தில் சேர்த்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். சீப்புச் சீடையைக் கடித்து மெல்வதெல்லாம் மாலையில் வேண்டாம். குழைந்த சோறு, இட்லி, பால் பணியாரம் போதும். சாப்பிடும்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நம் வீடுகளில் இதைவிடக் கடினமான பத்தியம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

கடைசியாகப் பழனி. குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்பட்டு, நத்தம் வழியாக நாட்கணக்கில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் என் அப்பத்தாவும் நடந்திருக்கிறார். ஆத்தாவின் பிடிவாதம் எனக்கு அந்நியம் இல்லை. ஆனாலும் இந்தத் தைக்கு வேண்டாம். மருந்து தொடங்கி நிலைக்கு வராத உடம்போடு, நெரிசலில், ஊர் ஊராகச் சளிக்காய்ச்சல் சுற்றும் கூட்டத்தில் நடப்பது ஐப்பசியில் பட்டதை மறுபடி வாங்கிக்கொள்வதாகும். வேண்டுதல் முறிந்துவிடும் என்று அழுதால், வண்டியில் போய், ஒரு நாள் விடியற்காலையில் வெயில் ஏறும் முன் அரை மணி நேரம் கூட்டத்தோடு நடக்கட்டும். பிறகு வண்டியிலேயே பழனிக்குப் போய், மலைக்கு மேலே விஞ்சில் ஏறட்டும். அடுத்த வருடம் முழுதாக நடக்க முடியுமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்வார். நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையும் சி.டி.யும் முடிந்துவிட வேண்டும். ஸ்கேன் சீட்டில் 'மார்பு' என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மூளையை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.